கருங்கிடாவின் அடிவண்டல்

தெல்மா ஹெஸ்லப்பின் பாட்டில் மீது ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டே சொற்கள்: 'விதிப்படி இல்லை.'

கார்பர்ன் ஊர்க் கிளப்பில் செப்டம்பர்தோறும் நடக்கும் காய்கறிக் கண்காட்சியில் அந்த அட்டையைப் பார்க்காத ஆண்டே கிடையாது. தட்டில் ஒரு கேரட் கூடுதலாக இருந்தால் அந்த அட்டை விழும். வெங்காயத்தின் கழுத்தை வேறு நிற நூலால் கட்டினாலும் விழும். வைத்தவர் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஆனால் வீட்டில் காய்ச்சிய பியர் வரிசையில் அது விழுந்தால் ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும். இது வீட்டில் காய்ச்சியது அல்ல.

தெல்மா அட்டையைக் கையில் எடுத்தாள். வெங்காய இனத்து லீக்ஸின் பெரிய பெரிய தண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

"ஐவர், இது என்ன?"

கிளப்பின் தலைவர் ஐவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "இங்க வேணாம் தெல்மா. உள்ள ரூமுக்கு வா, பேசிக்கலாம்."

"அட்டைய ஊர் பாக்க இங்க வெச்சுட்டு, பேச்சு மட்டும் ரூமுக்குள்ளயா? இங்கயே சொல்லு."

மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கத்பர்ட் ஃபென்னிக் எழுந்தார். பானங்களுக்கு அவர்தான் நடுவர். எழுபதைத் தாண்டியவர். பக்கத்து ஊர் மதுவாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர்.

"நான் சொல்றேன் பொண்ணே. கடை பியரை வெறும் பாட்டில்ல ஊத்திக் கொண்டாந்து வெச்சா எனக்குத் தெரியாதா? அது கருங்கிடா. கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்."

கருங்கிடா என்பது அந்த மதுவாலையின் பியர். லேபிளில் கொம்பு முறுக்கிய கறுப்புக் கிடா ஒன்று நிற்கும். கார்பர்னில் பிறந்த எவருக்கும் முதல் குடி, கல்யாணக் குடி, சாவுக் குடி எல்லாம் அதுதான்.

"கருங்கிடா மாதிரிதான் இருக்கும்! அதோட ஈஸ்ட்டை வெச்சுத்தானே காய்ச்சினேன்!"

"மாதிரி இல்ல. அதேதான். முப்பது வருஷமா இங்க நாங்களும் காய்ச்சிப் பாத்துட்டோம். யாருக்கும் வராதது உனக்கு மட்டும் வந்துடுச்சாக்கும்?"

யாரோ சிரித்தார்கள். தெல்மாவின் காது மடல்கள் சூடேறின. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று கை துடித்தது. கிழித்தால் அதையும் குற்றமாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து, கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள்.

அவள் கோபத்தில் ஒரு துளிகூடப் போலி இல்லை. கருங்கிடா பாட்டிலின் அடியில் படிந்து கிடக்கும் வண்டலை ஊரே சாக்கடையில் கொட்டியது. பாட்டிலுக்குள்ளேயே பியர் முதிர வேண்டும் என்று விட்டுவைத்த ஈஸ்ட் அது, உயிருள்ள பொருள், உணவு கொடுத்தால் எழும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். கிளப்பில் பியர் ஊற்றிக் கொடுக்கும் மேவிஸிடம், கிளாஸில் ஊற்றிய பிறகு மிஞ்சும் அடி மடக்கைப் பாட்டிலோடு எடுத்து வைக்கச் சொன்னாள். தெல்மா எச்சில் பாட்டில் நக்குகிறாள் என்று கொஞ்ச நாள் பேச்சு அடிபட்டது. அவள் கண்டுகொள்ளவில்லை. பல் மருத்துவமனையில் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வதுதான் அவள் வேலை. கிருமி எங்கே ஒட்டும், எப்படிச் சாகும் என்பது அவளுக்கு அத்துப்படி. பாட்டில் வாயைத் தீயில் காட்டி, முளைகட்டிய பார்லியைக் கொதிக்கவைத்து ஆற்றிய மால்ட் சாற்றில் அந்த வண்டலைக் கரைத்து, பஞ்சடைத்து வைத்தாள். மூன்று முறை கெட்டுப்போயிற்று. நான்காம் முறை நுரைத்தது.

அது நடந்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் கருங்கிடா பாட்டில் ஒன்றைக்கூட வாங்கவில்லை. ஒரு முறை காய்ச்சிய பியரின் அடியில் தங்கும் ஈஸ்ட்டை ஜாடியில் எடுத்து, அடுத்த முறைக்கு அதையே ஊற்றினாள். ஜாடி குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும். கணவர் வில்ஃப் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் குழம்பு என்று நினைத்து உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொண்டார். பாதி சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு ஏதோ வித்தியாசமா இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றார். தெல்மா மிச்சத்தை அவர் தட்டிலிருந்து வழித்தெடுக்கப் போனாள்.

இப்படி வளர்த்த பியர்தான் திருட்டுப் பியர் ஆகிவிட்டது.

"விட்டுத் தள்ளு. ஒரு காய்கறிக் கண்காட்சி" என்றார் வில்ஃப்.

"காய்கறிக் கண்காட்சியா? காசு குடுத்து வாங்கின லீக்ஸை வெச்சானே அந்தத் தச்சன், அவன் செத்தே எத்தனை வருஷம் ஆச்சு? இன்னிக்கும் அவன் பேரனைப் பாத்தா என்ன சொல்றாங்க?"

வில்ஃபுக்கும் அது தெரியும். 'வாங்கின லீக்ஸ் வீட்டுப் பையன்' என்றுதான் சொல்வார்கள். கண்காட்சியில் ஏமாற்றியவர் என்று கிளப் குழு முடிவு செய்துவிட்டால் போட்டியாளர் பட்டியலிலிருந்து பெயரை அடியோடு நீக்கிவிடுவார்கள். பிறகு எந்த வரிசையிலும், ஒரு கொத்து பீன்ஸ்கூட வைக்க முடியாது. அதைவிட, கார்பர்னில் பெயர் என்பது ஒரு முறைதான் எழுதப்படும்.

திங்கட்கிழமை குழு கூடியது. கூட்டத்துக்கு நடுவே தெல்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"பேரை எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வாய்ப்புக் குடுங்க. உங்க கண்ணு முன்னால காய்ச்சறேன். பாட்டிலை நான் கொண்டு வரல, நீங்களே கடையில வாங்கிட்டு வாங்க. அதுல இருந்து ஈஸ்ட் எடுத்துக் காட்டறேன். என் வீட்டுல வேணாம், இந்தக் கிளப் நிலவறையிலயே."

"ராத்திரி வந்து மாத்திட்டா?" என்றார் கத்பர்ட்.

"யோவ், பூட்டு உன் கையில, சாவி உன் கையில! மாத்தறதுக்கு நான் என்ன எலியா?"

ஐவர் மேசையைத் தட்டினார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். கண்காட்சிக்கு முன் வீடு வீடாகப் போய், போட்டிக்கு நிற்கும் லீக்ஸ் தண்டுகளில் மாறாட்டம் நடக்காமல் குழு முத்திரை குத்தும். அதே முத்திரையைப் பியர் வாளியின் மூடியில் ஒட்டிய தாளின் மேலும் குத்துவது என்று முடிவாயிற்று. தெல்மாவின் இரண்டு கண்காட்சி பாட்டில்களில் திறக்காத ஒன்றை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஐவர் நகரத்துக்குப் போய்க் கருங்கிடா பாட்டில்கள் வாங்கி வந்தார். தெல்மா பாட்டில் வாயைத் தீயில் காட்டியபோது குழுவினர் சுற்றி நின்று பார்த்தார்கள். குடுவையில் அடி மடக்கை ஊற்றிவைத்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுநாளே நுரைத்துவிட்டது. முன்பு நாட்கணக்கில் காத்திருந்து, கெட்டு, மறுபடி தொடங்கி வந்த நுரை, இப்போது இவ்வளவு சுலபமாக. கை பழகிவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். வாளியில் ஊற்றி மூடி, முத்திரை குத்தினார்கள்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். மரங்கள் இலை உதிர்த்தன. பேருந்து நிறுத்தத்தில் அவள் வந்தால் பேச்சு நின்றது. மருத்துவமனையில் வாயைத் திறந்து சாய்ந்திருந்த ஒரு கிழவர், டாக்டர் கையை எடுத்த இடைவெளியில், "இது என் சொந்தப் பல்லுதான் தெல்மா, கடையில வாங்கி வெக்கல" என்றார். டாக்டரும் சிரித்தார். தெல்மா உறிஞ்சுகுழாயை அவர் வாயில் சற்று அழுத்தியே வைத்தாள்.

பியரைப் பாட்டிலில் அடைக்கிற நாளில் முத்திரையை உடைத்து மூடியைத் திறந்தார்கள். தெல்மா குனிந்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்து வில்ஃபிடம் சொன்னாள். "பேரிக்கா வாசனை இல்ல."

"உனக்குச் சளி பிடிச்சிருக்கும்."

"சளி இல்ல. கருங்கிடாவுல மூடியத் திறந்ததும் வருமே, பழுத்த பேரிக்கா. ஒரு பொட்டுக்கூட இல்ல. சோப்புத்தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு. எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

"அப்படின்னா?"

"அப்படின்னா அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும்!"

அன்று முழுவதும் அவள் செய்ததை மனத்துக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தாள். சூடு சரி. சுத்தம் சரி. அதே மால்ட், கசப்புக்கும் மணத்துக்கும் போடும் அதே ஹாப்ஸ் பூ. தப்பைக் கண்டுபிடிக்க முடியாத ஆத்திரம், தப்பே செய்திருந்தால் வரும் வெட்கத்தைவிட மோசமாக இருந்தது.

பாட்டிலில் பியர் தெளிந்து நின்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழு அறையில் கூடினார்கள். மேவிஸ் கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போவதுபோல் போய்க் கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

கத்பர்ட் நிலவறைப் பியரை ஒரு வாய் குடித்தார். வாய்க்குள் சுழற்றினார். விழுங்கினார்.

"இது கருங்கிடா வாசனையே இல்ல."

"சரி" என்றார் ஐவர். உண்மையாகவே வருத்தப்பட்டவர்போல இருந்தது அவர் குரல். "தெல்மா, நீ கேட்ட வாய்ப்பு குடுத்தாச்சு. இதுக்கு மேல..."

"இரு ஐவர்." தெல்மா எழுந்துவிட்டாள். "ஒண்ணை மட்டும் குடிச்சுட்டுத் தீர்ப்புச் சொல்றதா? அலமாரியில இருக்கிற என் பாட்டிலைத் திற. நீ வாங்கிட்டு வந்ததுல மிச்சம் இருக்கே, அதையும் திற. மூணையும் வெச்சுக் குடிங்க. எனக்கு ஒண்ணும் புரியல. என்ன தப்புன்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

ஐவர் அலமாரியைத் திறந்து பாட்டில்களை எடுத்து வைத்தார். மேவிஸ் கண்காட்சி பாட்டிலைத் திறந்து கடைசிவரை சாய்த்து ஊற்றினாள். பியர் தெளிவாக வந்தது. வண்டல் பாட்டிலின் அடியில் களிமண்போல ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. பிறகு கடை பாட்டில். பாதி ஊற்றும்போதே அடியிலிருந்து வண்டல் புகைபோல எழும்பிக் கிளாஸுக்குள் வந்து கலங்கியது.

"மெதுவா ஊத்தக்கூடாதா?" என்றார் ஐவர்.

"மெதுவாத்தான் ஊத்தறேன். இது இப்பல்லாம் இப்படித்தான். தெனம் கழுவி ஊத்தறவ நான், எனக்குத் தெரியாதா?"

கத்பர்ட் நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டு வெறும் பாட்டில்களையும் வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றைக் குலுக்கினார். மற்றதைக் குலுக்கினார். பிறகு நிலவறைப் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் குலுக்கினார். அதிலும் புகை எழுந்தது.

"கருங்கிடா வண்டல் எழும்பாது" என்றார், யாரையும் பார்க்காமல். "தொட்டி அடியில இருந்து மண்வெட்டியால செதுக்கி எடுப்போம். அவ்வளவு கெட்டி."

திரும்பி வந்து உட்கார்ந்தார். தெல்மாவின் கண்காட்சி பியரைக் குடித்தார். கடை பியரைக் குடித்தார். நிலவறைப் பியரைக் குடித்தார். மறுபடி முதலிலிருந்து. அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"இந்த ரெண்டும் ஒண்ணு" என்று கடை கிளாஸையும் நிலவறைக் கிளாஸையும் ஒன்றாக நகர்த்தினார். "கூடப்பிறந்த மாதிரி. இவளோடது தனி."

தெல்மாவுக்குப் பொறி தட்டியது. "அப்ப கடை பாட்டில்ல என்ன இருக்கோ அதேதான் என் வாளியில வந்திருக்கு! நான் தப்பே பண்ணல! அவங்க ஈஸ்ட்டை மாத்திட்டாங்க!"

"மாத்திட்டானுங்க" என்றார் கத்பர்ட்.

ஐவர் லேபிளை உரக்கப் படித்தார். "'எங்கள் நிலவறையில் பிறந்த அதே ஈஸ்ட், உங்கள் பாட்டிலுக்குள் இன்னும் உயிருடன்.' இதுல இப்படித்தானே போட்டிருக்கு?"

"போட்டிருப்பானுங்க! மதுவாலையை அந்த வெளியூர்க் கம்பெனி வாங்கினப்புறம் பழைய தொட்டியெல்லாம் லாரி லாரியா வெளிய போச்சே, பாத்தோமில்ல. எவனோ ஒருத்தன் கணக்குப் போட்டிருப்பான், பழைய ஈஸ்ட் சோம்பேறி, இது சீக்கிரம் வேலைய முடிக்குதுன்னு. குடிக்கிறவன் மாடுதானே, என்ன தெரியப்போகுதுன்னு."

"வெள்ளிக்கிழமை தவறாம நீங்க அதைத்தானே குடிக்கிறீங்க?" என்றாள் தெல்மா. "உங்களுக்கே தெரியலையா?"

கத்பர்ட் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"தெரிஞ்சுது. நான் என் நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன்." எழுபது வயதுக்காரர் சின்னப் பையனைப்போலக் குனிந்துகொண்டார். "ரெண்டு வருஷமா. டாக்டர்கிட்ட கேட்டேன், ரத்தக்கொதிப்பு மாத்திரையால இருக்கும்னான். வீட்டுல அவ சமைக்கிற எதுலயும் ருசி இல்லன்னு தெனம் சண்டை. வெளிய யார்கிட்டயும் சொல்லல. நாக்கு இல்லாத நடுவரை எவன் உக்கார வெப்பான்? அன்னிக்கு உன் பாட்டில்ல ஒரு வாய் குடிச்சேன் பாரு... திரும்பி வந்துடுச்சுன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதனாலதான் அப்படி அடிச்சுச் சொன்னேன், இது கருங்கிடான்னு. அது கருங்கிடாதான். உன்கிட்ட மட்டும்தான் இருக்கு."

மேவிஸ் கதவருகே மூக்கை உறிஞ்சினாள். தெல்மா ஒரு கணம் இளகினாள். அந்தக் கணம் ஐவரால் கெட்டது.

"ஒண்ணு கேக்கணும். பழைய கருங்கிடா பாட்டிலை யாராவது பதுக்கி வெச்சிருந்து..."

"அறிவிருக்கா உனக்கு?" இந்த முறை கத்திவிட்டவர் கத்பர்ட். "ரெண்டு வருஷம் கிடந்த பியர் நனஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறும். இது போன கோடையில காய்ச்சினது. ஹாப்ஸ் வாசனை அப்படியே நிக்குது, மோந்து பாரு!"

ஐவர் முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழுவின் முடிவை இப்படி எழுதலாம் என்று வாசித்தார்: "போதிய ஆதாரம் இல்லாததால் திருமதி ஹெஸ்லப் மீதான புகார் கைவிடப்படுகிறது."

"என்னது?"

"வழக்கமா எழுதறது தெல்மா. இதோட விட்டுடலாமேன்னு."

"ஆதாரம் இல்லையா? மேசை மேல மூணு கிளாஸ் இருக்கு, ஆதாரம் இல்லையா? கூட்டத்துக்கு முன்னால என்னைத் திருடின்னு சொன்னீங்க. ரூமுக்குள்ள மன்னிச்சு விடறீங்க. நான் என்ன பண்ணினேன், நீங்க மன்னிக்கறதுக்கு? பல்லு புடுங்க வர்றவன்கூட என்னைப் பாத்து சிரிக்கிறான்!"

"பரிசை வேணும்னா..."

"உன் பரிசு யாருக்கு வேணும்! ஜெயிச்சவனே வெச்சுக்கட்டும், அவன் ஒழுங்காத்தான் காய்ச்சியிருக்கான். என் பேரைக் குடு. எங்க எடுத்தீங்களோ அங்க, எல்லார் முன்னாலயும் குடு."

ஐவர் கத்பர்டைப் பார்த்தார். நடுவர் தப்பு செய்தார் என்று கிளப் வெளியே சொன்னதாக வரலாறே இல்லை. ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு ஒவ்வொரு வெங்காயத்துக்கும் வழக்கு வரும். அதை ஐவர் விளக்கத் தொடங்கினார்.

"நான் சொல்றேன்" என்றார் கத்பர்ட்.

சனிக்கிழமை மாலை கிளப்பில் இடம் கிடைக்காது. தம்போலா மாதிரி எண் விளையாட்டு நடக்கும். சீட்டும் பேனாவுமாக ஊரில் பாதி வந்து உட்கார்ந்திருக்கும். முதல் சுற்று முடிந்ததும் கத்பர்ட் மேடை ஏறி ஒலிபெருக்கியை வாங்கினார். அடிக்கடி பேசுகிறவர் அல்ல. வாயோடு ஒட்டிப் பிடித்ததால் மூச்சுதான் முதலில் கேட்டது.

"கண்காட்சியில தெல்மா ஹெஸ்லப் வெச்ச பியர் அவங்களே காய்ச்சினது. கடை பியர்னு நான் சொன்னது தப்பு. குழு சோதிச்சுப் பாத்துடுச்சு. கருங்கிடான்னு பேரு போட்டு நமக்கு இப்ப வித்துக்கிட்டிருக்கிறதுதான் கருங்கிடா இல்ல. அவ்வளவுதான்."

கைதட்டல் ஒன்றும் எழவில்லை. மதுவாலையைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்த மேசைகளில், எல்லோரும் தங்கள் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் குடித்துப் பார்த்து, "சனியனே, நானும் பல்செட்டாலதான் இப்படி இருக்குன்னு நெனச்சேன்" என்றார். பின்வரிசையிலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது. "அங்க என்ன முணுமுணுப்பு? நம்பரைக் கூப்பிடுங்கய்யா!"

கத்பர்ட் ஒலிபெருக்கியை ஐவரிடம் நீட்டினார்.

நடு மேசையில் வில்ஃபோடு உட்கார்ந்திருந்த தெல்மா எழுந்து நின்றாள். வில்ஃப் அவள் கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கலையாம் கத்பர்ட்" என்றாள். "ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக்கங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

ஐவரின் கை ஒலிபெருக்கிக்காக நீண்டபடியே நின்றது. கூடத்தில் பேனாக்கள் சும்மா இருந்தன. கத்பர்ட் அவளைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார். ஒலிபெருக்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார்.